கடைசிப் பாட்டு ஏன் மெல்லிய பாட்டு?

ரங்கராட்டினத்தில் ஏறியிருக்கிறீர்களா? வெளி வரிசைக் குதிரையில் நீங்கள், உள் வரிசைக் குதிரையில் உங்கள் தம்பி. இருவரும் ஒரே நேரத்தில்தான் ஒரு சுற்றை முடிக்கிறீர்கள். ஆனால் அதிகத் தூரம் போனவர் நீங்கள். எனவே வேகமும் உங்களுக்கே அதிகம். இந்தச் சிறிய உண்மைதான் இசைத்தட்டில் எந்தப் பாட்டு எங்கே வரவேண்டும் என்பதில் தலையிட்டது!

நெடுநேரம் பாடும் 'எல்.பி.' இசைத்தட்டை 1948இல் அமெரிக்காவின் கொலம்பியா நிறுவனம் வெளியிட்டது. அதன் குறுக்களவு சுமார் 30 செ.மீ. நிமிடத்துக்கு 33⅓ சுற்று. அதாவது ஒரு சுற்றுக்கு 1.8 விநாடி. விளிம்பில் தொடங்கும் ஒரே பள்ளம், சுருள் சுருளாக மையத்தை நோக்கி வருகிறது. பள்ளத்தின் சுவர்களிலுள்ள நெளிவுகளே பாட்டு. அவற்றைத் தொட்டு ஓடும் ஊசி அதிர்கிறது.

இப்போது ஒரு கணக்கு. விளிம்பருகே ஒரு சுற்றின் நீளம் சுமார் 92 செ.மீ. பள்ளம் முடியும் இடத்திலோ சுமார் 38 செ.மீ.தான். இரண்டுக்கும் அதே 1.8 விநாடி! விநாடிக்கு 10,000 முறை அதிரும் ஒலியின் ஒவ்வொரு நெளிவுக்கும் விளிம்பில் 0.05 மி.மீ. இடம் கிடைக்கும், உள்ளே 0.02 மி.மீ.தான். நெருங்கிய நெளிவுகளை ஊசியால் சரியாகப் பின்தொடர முடிவதில்லை. ஒலி மங்கும், 'ஸ்' என்ற ஓசை கரகரக்கும். பாட்டு உரக்க இருந்தால் தொல்லை இன்னும் கூடும்.

ஆகவே, ஆரவாரமான பாட்டை விளிம்பிலும் மெல்லிய பாட்டை உட்புறத்திலும் வைப்பது பலரின் வழக்கமாயிற்று. தட்டைத் திருப்பிப் போட்டால் மீண்டும் விளிம்பு. அங்கே இன்னொரு ஆரவாரப் பாட்டு!

பாட்டுகளை இடம் மாற்றலாம். ஒரே இசைக்கோவையாக இருந்தால்? பிரெஞ்சு இசையமைப்பாளர் ராவேல் 1928இல் இயற்றிய 'பொலேரோ' மிக மெல்லத் தொடங்கி, சுமார் கால் மணி நேரம் வளர்ந்து, முடிவில்தான் முழங்குகிறது. முழக்கம் வருவதோ இடம் குறைந்த உட்புறத்தில்! இதற்காகவே உள்ளிருந்து வெளியே ஓடும் 'பொலேரோ' இசைத்தட்டும் தயாரிக்கப்பட்டது.

1982இல் விற்பனைக்கு வந்த குறுந்தட்டு வேறு வழியைக் கண்டது. அதுவும் உள்ளிருந்து வெளியே ஓடுகிறது. ஆனால் வெளியே போகப்போகச் சுழற்சி குறைகிறது. நிமிடத்துக்குச் சுமார் 500 சுற்றில் தொடங்கி 200 சுற்றில் முடிகிறது. அதனால் லேசர் கதிரைக் கடக்கும் தடத்தின் வேகம் எங்கும் ஒன்றே. கடைசிப் பாட்டுக்கும் முதல் மரியாதை!

உங்கள் வீட்டிலோ தாத்தா வீட்டிலோ பழைய எல்.பி. இருந்தால் எடுத்துப் பாருங்கள். மையத்தை ஒட்டி எந்தப் பாட்டை வைத்திருக்கிறார்கள்? ஏன் என்று இனி உங்களாலேயே ஊகிக்க முடியும்.