நாற்பதும் அறுபதும்

கற்பிக்கும் கலை – 11

மதுரைப் பல்கலைக்கழகம் 1971-ல் தொடங்கிய அஞ்சல் வழிக் கல்வியைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியபோது, பாடங்கள் அச்சாகித் தபாலில் வீடு தேடி வந்த அக்காலத்திலும் மாணாக்கர்கள் சில நாட்களாவது நேரில் வந்து உபாத்தியாயர் முன் அமர்ந்தார்கள் என்பதைச் சொல்லி நிறுத்தியிருந்தேன். இன்று கலப்பு முறைக் கல்வி என்ற பெயரோடு நம் கல்லூரிகளுக்குள் பிரவேசித்திருக்கும் ஏற்பாட்டுக்கு அந்த நேர்முக வகுப்புகளே மூதாதை என்பது என் அபிப்பிராயம்.

பல்கலைக்கழக மானியக் குழு 2021 மே மாதம் வெளியிட்ட கருத்துக் குறிப்பு, ஒரு பாடத்தில் 40 சதவீதம் வரை இணைய வழியாகவும் எஞ்சிய 60 சதவீதத்தை நேரிலும் கற்பிக்கலாம் என்று யோசனை கூறிற்று. இந்த எண்களைக் கண்டதும் கால அட்டவணையைக் கையில் எடுத்துக்கொண்டு, வாரத்தில் இரண்டு நாள் திரை, மூன்று நாள் வகுப்பறை என்று நாட்களைக் கூறுபோடவே பலருக்கும் தோன்றுகிறது. நாட்களைக் கூறுபோடுவதற்கு முன்னால், கற்பிக்கிற காரியத்தில் எந்தப் பகுதி தொலைவிலிருந்து சேதமின்றி வந்து சேரும், எந்தப் பகுதி வராது என்று பிரித்துப் பார்ப்பதல்லவா முறை?

இந்தப் பாகுபாட்டைச் செட்டிநாட்டார் வெகு நாட்களுக்கு முன்பே அறிந்திருந்தார்கள். நகரத்தார் பர்மாவில் கொடுக்கல் வாங்கல் நடத்திய நாளில், முதலாளி காரைக்குடியிலோ தேவகோட்டையிலோ இருக்க, மூன்று வருஷக் கணக்குக்குப் போன ஏஜெண்டு இரங்கூனில் இருக்க, கடிதமும் கணக்கும் இருவருக்கும் இடையே கப்பலேறிப் போய் வந்துகொண்டிருந்தன. எனினும் அந்த ஏஜெண்டு தொழில் கற்றது கடிதத்தினால் அன்று. இளம் பிராயத்தில் பெட்டியடிப் பையனாகக் கிட்டங்கியில் சேர்ந்து, கடன் கேட்டு வருகிறவனுடைய முகத்தை மூத்தவர் எப்படிப் பார்க்கிறார், எந்த இடத்தில் வட்டியைச் சொல்கிறார், எந்த இடத்தில் பேசாமல் இருந்துவிடுகிறார் என்பதையெல்லாம் பக்கத்திலிருந்து கண்டு, அடுத்தாளாக உயர்ந்து, அதற்குப் பிறகே அவர் பெட்டிச் சாவியை ஏற்றுக்கொண்டார்.

காரைக்குடிக்குக் கல்லூரி வந்த வரலாற்றிலும் தூரத்தைக் குறைக்கும் விருப்பமே முதற்காரணமாக இருந்தது. 1947-ல் சென்னையில் நடந்த அன்னி பெசன்ட் நூற்றாண்டு விழாவில், துணைவேந்தர் லட்சுமணசாமி முதலியார் கலைக் கல்லூரிகள் தொடங்கச் செல்வர்கள் முன்வர வேண்டும் என்று கேட்டுக்கொண்டபோது, வள்ளல் அழகப்பர் அந்த மேடையிலேயே ஒரு லட்சம் ரூபாய் அறிவித்தார். அதே ஆண்டு ஆகஸ்டில் காந்தி மாளிகையில் வகுப்புகள் ஆரம்பமாகிவிட்டன. சென்னைக்கும் திருச்சிக்கும் பிள்ளைகளை அனுப்ப வழியில்லாத குடும்பங்களுக்கு அது எத்தகைய கொடை என்பதை இன்றைய தலைமுறை ஊகித்துக்கூடப் பார்ப்பது கடினம். அவர் வித்திட்ட கல்விக் குடும்பம் 1985-ல் பல்கலைக்கழகமாக மலர்ந்து, 1992-ல் தொலைநிலைக் கல்வியையும் தொடங்கியது. ஊருக்கு வந்த கல்லூரி, ஊரைவிட்டு வர இயலாதவர்களுடைய வீட்டுக்கும் போகத் தொடங்கியது என்று இதைக் கொள்ளலாம்.

வீட்டுக்குப் போவதிலும் சங்கடங்கள் உண்டு. பெருந்தொற்றுக் காலத்தில் அண்ணனும் தங்கையும் ஒரே கைபேசியை வைத்துக்கொண்டு இரண்டு வகுப்புகளுக்குத் திண்டாடிய வீடுகளை நான் அறிவேன். தமிழக அரசு 2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரை, 9 லட்சத்துக்கு மேற்பட்ட கல்லூரி மாணவர்களுக்கு நாளொன்றுக்கு 2 ஜிபி டேட்டா இலவசமாக வழங்கிற்று. ஆனால் டேட்டா வந்த வீட்டில் இரண்டாவது கைபேசி வந்துவிடவில்லை.

நான் இரசாயனம் கற்பித்தவன்; ஆகவே ஆய்வுக்கூடத்தில் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். முன்னெல்லாம் இரண்டு மணி நேர வகுப்பில் முக்கால் மணி நேரம் செய்முறையைச் சொல்லி எழுத வைப்பதிலேயே கழிந்துவிடும். கலப்பு முறை வந்த பிறகு அந்தப் பகுதியைக் காணொளியாகப் பதிவு செய்து முதல் நாளே அனுப்பிவிட்டேன். விளைவு பிரத்தியட்சமாகத் தெரிந்தது. வகுப்பில் வாய் திறந்தே அறியாத ஒரு மாணவி, மோல் கணக்கை வீட்டில் நிறுத்தி நிறுத்திக் கேட்டு, பிழையில்லாமல் போட்டுக்கொண்டு வந்தாள். ஒரே ஐயத்தை ஐந்தாம் முறையும் கூசாமல் கேட்கும் சௌகரியத்தைத் திரை அவளுக்குக் கொடுத்திருந்தது.

அதே மாணவி பியூரெட்டின் முன்னே நின்று தடுமாறினாள். கண்ணைத் திரவ மட்டத்துக்கு நேராகக் கொண்டுவராமல் மேலிருந்து பார்த்தபடியால், முடிவு அளவைக் குறைத்துக் குறித்தாள். அமிலத்தில் பினாப்தலீன் விட்ட குடுவையில் சோடியம் ஹைட்ராக்சைடு ஒரு வீச்சாக இறங்க, கரைசல் ரோஜாப்பூப்போல் அடர்ந்து சிவந்துவிட்டது.

“சார், வீடியோவை ஆறு தடவை பாத்துட்டேன். அதுல இப்படித்தானே சார் கலர் வந்துச்சு?” என்றாள்.

அவளுடைய கைபேசியை வாங்கிப் பார்த்தேன். திரையின் வெளிச்சத்தில், நான் காட்டிய மெல்லிய இளஞ்சிவப்பு உண்மையிலேயே அடர் சிவப்பாகத்தான் தெரிந்தது! எத்தனை மாணவர்கள் அந்த நிறத்தையே முடிவு நிலை என்று நம்பி வந்திருப்பார்களோ என்று எனக்கு மனம் பதைத்தது. குடுவையின் அடியில் வெள்ளை ஓட்டை வைத்தேன். “இடது கையால திருகைப் பிடிம்மா, வலது கையால குடுவையைச் சுழற்று, இனிமே சொட்டுச் சொட்டா விடு” என்றேன். அடுத்த முறையும் இரண்டு சொட்டு மிகுந்துவிட்டது. அதற்கடுத்த முறை, முனையில் தொங்கிய பாதிச் சொட்டைக் குடுவையின் உட்சுவரில் தொடவிட்டு, வடிநீரால் கழுவி இறக்கினாள். இருக்கிறதா இல்லையா என்று ஐயுறும்படியான ஓர் இளஞ்சிவப்பு தோன்றி, அரை நிமிஷம் மறையாமல் நின்றது.

சென்னை ஐஐடி 2020-ல் தொடங்கிய இணைய வழிப் பட்டப்படிப்பில், பாடங்கள் எல்லாம் காணொளியில் நடந்தாலும் தேர்வுக்கு மாணவர்கள் மையத்துக்கு நேரில் வந்து அமர வேண்டும். கற்றதைச் சோதிக்கும் இடத்தில் அவர்கள் நேர்முகத்தை வைத்தார்கள். அது நியாயமே, ஆனால் நேரில் கற்பிக்கும் அந்த 60 சதவீதத்தில், கை பழகும் இடத்துக்கே முதற் பங்கு கொடுக்க வேண்டும் என்று கேட்பேன்.

அந்தப் பெண் அளவைக் குறிப்பேட்டில் எழுதினாள். ஒத்த அளவு இரண்டு வர வேண்டுமே என்பதை நான் நினைவூட்டுவதற்கு முன்பே, “இன்னொரு தடவை செஞ்சு பாக்கட்டுமா சார்?” என்று கேட்டுக்கொண்டே பியூரெட்டை மறுபடி நிரப்பத் தொடங்கினாள்.

(தொடரும்)