எ சார்லி பிரவுன் கிறிஸ்துமஸ்

எ சார்லி பிரவுன் கிறிஸ்துமஸ் என்பது 1965 டிசம்பர் 9 அன்று அமெரிக்காவின் சிபிஎஸ் தொலைக்காட்சியில் முதன்முதலாக ஒளிபரப்பான அசைவூட்டப் படம் ஆகும். சார்லஸ் எம். சூல்ஸ் 1950 முதல் செய்தித்தாள்களுக்கு வரைந்துவந்த பீநட்ஸ் என்னும் வரைகதைத் தொடரின் சிறுவர்களே இதன் கதைமாந்தர்கள். சூல்ஸ் கதை எழுத, பில் மெலண்டெஸ் இயக்கினார். லீ மெண்டல்சன் தயாரித்தார். ஏறத்தாழ 25 நிமிடங்கள் ஓடும் இப்படம் தோல்வியடையும் என்றே தொலைக்காட்சி நிறுவனத்தார் முதலில் எண்ணினர். அவர்கள் குறையாகக் கண்டவையே பின்னர் இதன் சிறப்புகளாகப் போற்றப்பட்டன.

கதைச் சுருக்கம்

கிறிஸ்துமஸ் நெருங்கியும் சார்லி பிரவுன் என்னும் சிறுவனுக்கு மகிழ்ச்சி வரவில்லை. அவனுடைய நாய் ஸ்னூப்பி, பரிசுப் பணத்துக்காகத் தன் கூண்டை வண்ண விளக்குகளால் அலங்கரிக்கிறது. தங்கை சாலி, சாண்டா கிளாசுக்கு எழுதும் கடிதத்தில் பரிசுக்குப் பதில் பணமே கேட்கிறாள். ஐந்து சென்ட் கட்டணத்தில் மனநல ஆலோசனை வழங்கும் லூசி, கிறிஸ்து பிறப்பு நாடகத்தை இயக்கும்படி அவனிடம் கூறுகிறாள். ஒத்திகையில் யாரும் அவன் சொல்லைக் கேட்பதில்லை.

மேடைக்குப் பளபளக்கும் அலுமினிய மரம் வாங்கிவரச் சொல்லி அவனை அனுப்புகின்றனர். அவனோ ஊசியிலைகள் உதிரும் ஒரு சிறிய நிஜ மரக்கன்றை வாங்கி வருகிறான். எல்லோரும் நகைக்கின்றனர். கிறிஸ்துமஸ் என்றால் என்ன என்று யாருக்காவது தெரியுமா என அவன் மனம் நொந்து கேட்கும்போது, நண்பன் லைனஸ் மேடையில் நின்று, லூக்கா நற்செய்தியில் இடையர்களுக்கு வானதூதர் செய்தி சொல்லும் பகுதியை மனப்பாடமாகக் கூறுகிறான். எப்போதும் கையில் பிடித்திருக்கும் போர்வையை, அஞ்ச வேண்டாம் என்னும் சொற்களைக் கூறும்போது கீழே விட்டுவிடுகிறான். இறுதியில், ஒரே ஒரு அலங்கார உருண்டையின் பாரம் தாங்காமல் வளைந்துபோன மரக்கன்றைச் சிறுவர்கள் ஒன்றுகூடி அலங்கரித்துப் பாடுகின்றனர்.

தயாரிப்பு

சூல்ஸைப் பற்றி மெண்டல்சன் முன்னதாக எடுத்த ஆவணப்படத்தை வாங்க எவரும் முன்வரவில்லை. ஆயினும் அதன் வழியே கோகோ கோலா நிறுவனத்தின் ஆதரவில் ஒரு கிறிஸ்துமஸ் படம் எடுக்கும் வாய்ப்பு 1965இல் கிடைத்தது. சில மாதங்களே இருந்ததால் படம் அவசரமாக உருவானது. பண்டிகை வணிகமாவதைச் சாடும் படத்துக்கு ஒரு குளிர்பான நிறுவனமே பணம் கொடுத்தது என்பது இதில் உள்ள முரண்.

அக்கால வழக்கத்திலிருந்து இப்படம் பல வகைகளில் வேறுபட்டது:

குரல்: சிறுவர் பாத்திரங்களுக்குச் சிறுவர்களே குரல் கொடுத்தனர். சாலிக்குக் குரல் தந்த சிறுமிக்கு எழுதப் படிக்கத் தெரியாததால், சில சொற்களாகச் சொல்லிக்கொடுத்துப் பதிவுசெய்து ஒட்டினர்.

சிரிப்பொலி: நகைச்சுவைக் காட்சிகளில் பதிவுசெய்த சிரிப்பொலியைச் சேர்க்கச் சூல்ஸ் மறுத்துவிட்டார்.

இசை: வின்ஸ் குவரால்டியின் ஜாஸ் இசை பயன்படுத்தப்பட்டது. சிறுவர் படத்துக்கு அது புதுமை.

விவிலியப் பகுதி: பொழுதுபோக்கு நிகழ்ச்சியில் இது பொருந்துமா என்று மெண்டல்சனும் மெலண்டெஸும் தயங்கினர். சூல்ஸ் உறுதியாக நின்றார்.

படத்தை முன்கூட்டியே பார்த்த சிபிஎஸ் அதிகாரிகளுக்கு அதன் மெதுவான போக்கும் ஜாஸ் இசையும் பிடிக்கவில்லை. ஆனால் ஒளிபரப்பு நாள் ஏற்கெனவே அறிவிக்கப்பட்டிருந்தது.

வரவேற்பு

அன்றிரவு தொலைக்காட்சி பார்த்தோரில் ஏறத்தாழப் பாதிப்பேர் இப்படத்தைப் பார்த்தனர். எம்மி விருதும் பீபடி விருதும் இதற்குக் கிடைத்தன. அலுமினிய மரங்களின் விற்பனை பின்வந்த ஆண்டுகளில் சரிந்ததற்கு இப்படமும் ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. குவரால்டியின் இசைத்தொகுப்பை அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் 2012இல் பாதுகாக்கத்தக்க ஒலிப்பதிவுகளின் பட்டியலில் சேர்த்தது.

தலைமுறைகளின் நினைவில்

ஒளிநாடாக் கருவிகள் வீடுகளுக்கு வரும்முன், இப்படத்தை ஆண்டுக்கு ஒருமுறை, குறித்த நேரத்தில் மட்டுமே பார்க்க முடிந்தது. தவறவிட்டால் அடுத்த டிசம்பர்வரை காத்திருக்க வேண்டும். எனவே குடும்பம் முழுவதும் ஒன்றாக அமர்ந்து பார்ப்பது பல அமெரிக்க வீடுகளில் பண்டிகைச் சடங்குபோல ஆயிற்று. அன்று பார்த்த சிறுவர்கள் பெற்றோரானபின் தம் பிள்ளைகளுக்கும் இதைக் காட்டினர்.

2000 வரை சிபிஎஸ்ஸிலும், 2001 முதல் ஏபிசியிலும் படம் ஒளிபரப்பானது. 2020இல் உரிமை ஆப்பிள் டிவி பிளஸ் என்னும் கட்டணச் சேவைக்குச் சென்றபோது, அனைவரும் இலவசமாகப் பார்த்த படம் பறிபோகிறதே என்று இரசிகர்கள் எதிர்ப்புத் தெரிவித்தனர். இதனால் 2020, 2021 ஆகிய ஆண்டுகளில் பிபிஎஸ் என்னும் பொதுத் தொலைக்காட்சியிலும் படம் காட்டப்பட்டது.