மூடுபனிக்குள் ஒரு மீனவர் கிராமம்

'வெளிநாட்டில் வாக்கப்பட்டவளுக்கு என்ன குறை?' என்று நம்மில் பலர் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். என் தங்கை விஷயத்தில் நான் கண்டதை வாசகியரோடு பகிர்ந்துகொள்ள ஆசைப்படுகிறேன்.

தங்கை இருப்பது ஸ்காட்லாந்தில், அபர்டீன் நகரில். அவள் வீட்டுக்காரருக்குக் கடலுக்குள் எண்ணெய்க் கிணற்றில் வேலை. மூன்று வாரம் அங்கே, மூன்று வாரம் வீட்டில். 2023-ல் அவளுக்குக் குழந்தை பிறந்தபோது ஒத்தாசைக்குப் போயிருந்தேன். அவர் கடலுக்குப் போய்விட்டால் இவள் ஜன்னலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். திடீர் திடீரென்று அழுவாள். கேட்டால், "ஒண்ணுமில்லக்கா" என்பாள்.

மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாப்பிள்ளை வீட்டில் இருந்த சமயம், "வாங்க, கடற்கரைப் பக்கம் போயிட்டு வரலாம்" என்று காரில் குரோவி என்ற கிராமத்துக்கு அழைத்துப் போனார். கிளம்பும்போது பளிச்சென்று வெயில். கடலை நெருங்க நெருங்க ஒரே வெள்ளை! எதிரே பத்தடிக்கு மேல் தெரியவில்லை. இதை அங்கே 'ஹார்' என்கிறார்கள். வெதுவெதுப்பான காற்று குளிர்ந்த கடல்மேல் வரும்போது இப்படிப் பனியாகிவிடுமாம்.

செங்குத்தான மலையடிவாரத்தில் ஒற்றை வரிசையாக வீடுகள். பக்கச்சுவரைக் கடலுக்குக் காட்டி நிற்கின்றன. காற்றும் அலையும் வாசலில் மோதாமல் இருக்கத்தான் அப்படி. வீட்டுக்கும் கடலுக்கும் நடுவில் ஓர் ஒற்றையடிப் பாதைதான். கார் போகாது. மளிகைச் சாமானைக்கூட தள்ளுவண்டியில்தான் தள்ளி வர வேண்டும். அந்தப் பனியிலும் கடலோரக் கொடியில் துணி காய்ந்ததைப் பார்த்து, நம்ம ஊர்ப் பெண்கள் ஞாபகம் வந்து சிரித்துவிட்டேன்.

1953 ஜனவரி 31-ல் அடித்த புயலில் பல வீடுகள் சேதமாகி, நிறையப் பேர் ஊரைவிட்டே போய்விட்டார்களாம். இப்போது பெரும்பாலும் விடுமுறைக்கு வந்து தங்குகிற வீடுகள்தான்.

தள்ளுவண்டியோடு வந்த ஒரு பாட்டியம்மா நின்று குழந்தையைக் கொஞ்சினார். தன் பாட்டி ஹெர்ரிங் மீன் சுத்தம் செய்யப் போனவர் என்றார். அந்தக் காலத்துப் பெண்கள் மும்மூன்று பேராகச் சேர்வார்களாம். இருவர் மீனைக் கீறிக் குடலெடுக்க, ஒருவர் உப்புப் போட்டுப் பீப்பாயில் அடுக்குவார். கத்தியும் உப்பும் படாமலிருக்க விரல்களில் துணி சுற்றிக்கொள்வார்கள். மீன் கூட்டத்தைத் தொடர்ந்து இங்கிலாந்தின் யார்மவுத் வரை ரயிலில் போவார்கள். சும்மா இருக்கும் நேரத்தில் கையில் கம்பளிப் பின்னல்! கணவர் கால் நனையக்கூடாதென்று முதுகில் சுமந்து படகேற்றிவிட்ட பெண்களும் உண்டாம். தங்கைதான் எனக்குத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தாள். அத்தனை நேரம் அவள் பேசி நான் பார்த்து மாதக்கணக்காகிவிட்டது.

திரும்பும் வழியில் புகைபோட்ட மீன், உருளைக்கிழங்கு, வெங்காயம், பால் சேர்த்த 'கல்லன் ஸ்கிங்க்' சூப் சாப்பிட்டோம். தூத்துக்குடிக்காரியான எனக்குப் பாலில் மீனா என்று திக்கென்றது. ஆனால் குளிருக்கு இதமாகத்தான் இருந்தது.

காரில் தங்கை மெதுவாக, "அந்தப் பொம்பளைங்க புருஷனும் கடல்லதான்க்கா இருந்தாங்க. ஆனா அவங்க மூணு பேரா இருந்தாங்க. நான் ஒத்தையா இருக்கேன்" என்றாள். மாப்பிள்ளை ஒன்றும் பேசவில்லை. மறுநாளே அவளோடு மருத்துவரிடம் போனார். பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வு என்று சொல்லி சிகிச்சை ஆரம்பித்தார்கள். பக்கத்து நூலகத்தில் கைக்குழந்தைகளுக்கு இலவசமாகப் பாட்டும் கதையும் சொல்லும் 'புக்பக்' வகுப்புக்கும் போகத் தொடங்கினாள். அங்கே இரண்டு சிநேகிதிகள் கிடைத்தார்கள். இப்போது அவர்களும் மூன்று பேர்!

தோழியரே, தூர தேசத்தில் இருக்கும் உங்கள் மகளோ தங்கையோ போனில் "நல்லாருக்கேன்" என்றால் அதோடு விட்டுவிடாதீர்கள். "பேச்சுத்துணைக்கு யார் இருக்கா?" என்று இன்னொரு கேள்வியும் கேளுங்கள்.

- ஒரு வாசகி, தூத்துக்குடி