நாடி கிளைக்கும் இடத்தில்

இரத்தத்தில் கொலஸ்டரோல் மிகுந்தால் நாடி அடைபடும் என்பது எல்லாரும் அறிந்த செய்தி. ஆனால் உடலெங்கும் ஓடுவது அதே இரத்தந்தானே? அப்படியிருக்க, கொழுப்புப் படிவு நேரான பகுதிகளைப் பெரும்பாலும் விட்டுவிட்டு, கழுத்து நாடி இரண்டாகப் பிரியும் இடத்தையும் இருதய நாடிகளின் வளைவுகளையும் தேடிப் பிடிப்பது ஏன்?

வேகமாகப் பாயும் இரத்தம் சுவரைத் தேய்த்துப் புண்ணாக்குகிறது என்று முன்னர் சிலர் எண்ணினர். இலண்டன் இம்பீரியல் கல்லூரியைச் சேர்ந்த கொலின் காரோவும் கூட்டாளிகளும் 1969இல் நேர்மாறாகச் சொன்னார்கள்: உராய்வு குறைந்த இடத்திலேயே நோய் தொடங்குகிறது. பின்வந்த ஆய்வுகள் பெரும்பாலும் அவர்கள் பக்கமே நின்றன.

நாடியின் உட்புறத்தை ஒற்றை அடுக்குக் கலங்கள் போர்த்தியிருக்கின்றன. இவை வெறும் பூச்சு அல்ல; தம்மீது ஓடும் இரத்தத்தின் உராய்வை உணர்பவை. அவ்வாறு உணரும் புரதங்களுள் ஒன்று பியெசோ-1. அதை 2010இல் தம் குழுவினருடன் கண்டறிந்த ஆர்டெம் பட்டபூட்டியன் 2021இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். ஓட்டம் சீரானால் கலங்கள் அதன் திசையிலேயே நீண்டு கிடந்து, நைட்ரிக் ஒட்சைட்டு என்னும் வாயுவைச் சுரந்து நாடியைத் தளர்த்துகின்றன. ஓட்டம் தயங்கி முன்னும் பின்னும் அலையும் இடத்திலோ அந்த ஒழுங்கு குலைகிறது. கொழுப்பு உட்புகுகிறது, வெண்குருதிக் கலங்கள் வந்து ஒட்டுகின்றன.

விரைந்து நடக்கையில் ஓட்டம் கூடி, அந்த வாயுச் சுரப்பும் கூடுகிறது. கொலஸ்டரோல் மாத்திரை எடுப்பவரையும் வைத்தியர் நடக்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். பனிக்காலம் என்று சாக்குச் சொல்பவர்கள் வீட்டு மாடிப்படியில் ஏறி இறங்கலாம்.