இரைப்பைக்கும் ஒரு மின்கருவி!

"காலையில் சாப்பிட்ட இட்லி, ராத்திரி வாந்தியில் அப்படியே வருதுங்க!" என்று நாள்பட்ட சர்க்கரை நோயாளிகள் சிலர் சொல்வதுண்டு. இதை அஜீரணம் என்று சுக்குக் கஷாயத்தோடு விட்டுவிடக்கூடாது. சித்த வைத்தியனான நானே சொல்கிறேன்! இரைப்பையை இயக்கும் நரம்பையே சர்க்கரை கெடுத்திருக்கலாம்.

மருந்துக்கும் அடங்காத வாந்திக்குத்தான் இந்தக் கருவி. அமெரிக்காவில் 2000-ல் 'மனிதாபிமான விதிவிலக்கு' என்ற பிரிவில் அனுமதி கிடைத்தது. வயிற்றுத் தோலுக்கடியில் ஒரு பாட்டரிப் பெட்டி. அதிலிருந்து இரண்டு ஒயர்கள் இரைப்பைத் தசைக்குப் போகும். சுமார் 5 விநாடிக்கு ஒருமுறை லேசான மின்துடிப்பு. அதை டாக்டர் வெளியிலிருந்தே கூட்டிக் குறைப்பார். பாட்டரி தீர்ந்தால் மறுபடி ஆபரேஷன்தான்.

'இரைப்பை பேஸ்மேக்கர்' என்கிறார்கள். எனக்கு அந்தப் பெயர் பிடிக்கவில்லை. இதயத்தில் வைப்பது துடிப்பை நடத்துகிறது. இது இரைப்பையை அப்படி நடத்துவதில்லை. பிரான்சில் 172 பேரிடம் நடந்து 2020-ல் வெளியான ஆய்வில், கருவி ஓடிய மாதங்களில் வாந்தி குறைந்தது. சாப்பாடு மட்டும் வேகமாக இறங்கவில்லை.

ஆகவே, கருவி வைத்தாலும் பத்தியம் உண்டு. எண்ணெய்ப் பலகாரம் கூடாது. சர்க்கரைக்கு நல்லதென்று நாம் சொல்லும் கீரைத்தண்டு, நார்க்காய்கள்கூட இவர்களுக்கு ஆகாது. இரைப்பையில் தங்கி உருண்டையாகிவிடலாம். குழைந்த ரசம் சாதத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஐந்தாறு வேளை கொடுங்கள். இன்சுலின் போடுபவர்கள் ஜாக்கிரதை! சாப்பாடு இரைப்பையிலேயே நின்றால் சர்க்கரை திடீரென்று இறங்கிவிடும். ஊசி போடும் நேரத்தை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.