கதிரவன் மன்னரும் எஸ்தர் நாடகமும்

சட்டம் இயற்றுவது, வரி விதிப்பது, போர் தொடுப்பது, தீர்ப்பு வழங்குவது ஆகிய அனைத்தும் ஒருவர் கையிலேயே இருந்து, அவரைத் தட்டிக்கேட்க மக்கள் மன்றம் எதுவும் கூடாத ஆட்சியை வரம்பற்ற முடியாட்சி என்கிறோம். அதற்கு எடுத்துக்காட்டாக நாம் வரலாற்றுப் பாடத்தில் படிப்பவர் பிரான்சு நாட்டின் பதினான்காம் லூயி. கதிரவன் மன்னர் என்றும் அவரை அழைப்பர். "நானே அரசு" என்று அவர் கூறியதாகச் சொல்வார்கள். அதற்குச் சான்று இல்லை. சொல்லாவிட்டால் என்ன? அப்படித்தான் ஆண்டார்.

1643-இல் அவர் அரசரானபோது ஐந்து வயதுகூட நிரம்பவில்லை. விரைவிலேயே பாரிசில் கலகம் மூண்டது. 1651-இல் ஓரிரவு, அரசர் தப்பியோடிவிட்டாரோ என்று ஐயுற்ற மக்கள் அரண்மனைக்குள் புகுந்து, சிறுவர் படுக்கையில் கிடப்பதைக் கண்ட பிறகே அமைதியடைந்தனர். அந்த இரவை அவர் எளிதில் மறந்திருக்கமாட்டார் என்றே நமக்குத் தோன்றுகிறது. 1661-இல் முதலமைச்சர் கர்தினால் மசாரின் இறந்ததும், இனி முதலமைச்சரே வேண்டாம் என்று தாமே ஆளத் தொடங்கினார். 1682-இல் அரசவையை வெர்சேல்ஸ் மாளிகைக்கு மாற்றினார். ஒரு காலத்தில் வாளெடுத்த பிரபுக்கள், காலையில் அரசருக்குச் சட்டை எடுத்துக் கொடுக்கும் பேற்றுக்காகக் காத்து நின்றனர்! நாட்டின் மூன்று வகுப்பாரும் கூடும் பேரவையோ 1614-க்குப் பின் 1789 வரை கூட்டப்படவே இல்லை.

அரசரின் அதிகாரம் இறைவன் தந்தது; ஆனால் அரசரும் இறைவனுக்குக் கணக்குக் கொடுக்க வேண்டும் என்று ஆயர் பொசுவே போதித்தார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. இவ்வுலகில் கணக்குக் கேட்பவர் யார்? புராட்டஸ்டண்டு சபையாருக்குத் தம் பாட்டனார் 1598-இல் அளித்த வழிபாட்டு உரிமையை 1685-இல் லூயி ஓர் ஆணையால் நீக்கினார். சுமார் இரண்டு லட்சம் பேர் நாட்டைவிட்டு ஓடினர். அதைப் பொசுவேயும் புகழ்ந்தார். கத்தோலிக்கராகிய நாம் இதை மறைக்க வேண்டியதில்லை. போரும் வரியும் நாட்டை நசுக்குகின்றன என்று மன்னரைக் கண்டித்துப் பெயரிடாமல் கடிதம் எழுதிய பெனலோனும் நம் குருக்களில் ஒருவரே. 1693, 1694-ஆம் ஆண்டுகளின் பஞ்சத்தில் மாண்டவர்கள் பத்து லட்சத்திற்கும் மேல்.

நமக்கு வியப்பூட்டுவது இன்னொன்று. மன்னரின் இரண்டாம் மனைவி மேந்தெனோன் அம்மையார், ஏழைப் பிரபுக் குடும்பங்களின் பெண்கள் 250 பேருக்காக 1686-இல் சான் சீர் என்னும் ஊரில் ஒரு பள்ளி தொடங்கினார். அவர்கள் நடிப்பதற்கென்றே ரசீன் என்ற பெரும் நாடகாசிரியர் எஸ்தர் கதையை எழுதிக் கொடுத்தார். 1689-இல் மன்னர் முன்னிலையில் அது அரங்கேறியது. (ஆண்டு விழாவில் சிறப்பு விருந்தினர் முன் நிற்கவே நமக்குக் கைகால் நடுங்குகிறது!)

எஸ்தர் கதை நமக்குத் தெரியும். அழைக்கப்படாமல் அரசர் முன் செல்பவர், அவர் பொற்செங்கோலை நீட்டாவிட்டால் சாக வேண்டும் என்பது பாரசீகச் சட்டம். எஸ்தர் உயிரைத் துச்சமாக எண்ணிச் சென்று, அரசாணையால் அழியவிருந்த தன் மக்களுக்காக மன்றாடுகிறாள். அரசரும் இரங்குகிறார். 1685-ஆம் ஆண்டின் ஆணைக்கு நான்கே ஆண்டுகளுக்குப் பின், அந்த ஆணையிட்டவர் முன்னாலேயே, ஒரு சிறுமி இந்த வேண்டுதலைப் பேசி நடித்தாள்.

நாடகம் மன்னருக்கு மிகவும் பிடித்திருந்தது. மறுபடியும் மறுபடியும் நடிக்கச் செய்து பார்த்தார். 1715-இல் அவர் இறந்தார். அந்தப் புராட்டஸ்டண்டு குடும்பங்களின் திருமணங்களையும் பிறப்புகளையும் பிரான்சு அரசு சட்டப்படி ஏற்றுக்கொண்டது 1787-இல்தான்.