ராமானுஜன் பட்டியலின் கடைசி எண்

67,46,32,83,88,800. இந்தப் பதின்மூன்று இலக்க எண் ஆறே முக்கால் லட்சம் கோடியை நெருங்குகிறது. இதைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் இதற்குள்ள அளவு காரணிகள் கிடையா. இதுவே இதன் சிறப்பு.

மீதியின்றி வகுக்கும் எண்ணைக் காரணி என்கிறோம். லால்குடிச் சந்தையில் 60 வாழைக்காய்கள் வாங்குவதாக வைத்துக்கொள்வோம். அவற்றை 1, 2, 3, 4, 5, 6, 10, 12, 15, 20, 30, 60 பேருக்குச் சமமாகப் பங்கிடலாம். ஆக 12 வழிகள். ஒரு காய் கூடி 61 ஆனால்? ஒருவரே எடுத்துக்கொள்ளலாம், அல்லது 61 பேர் ஆளுக்கொன்றாகப் பெறலாம். வேறு வழியில்லை, 61 ஒரு பகா எண். 60க்குக் கீழுள்ள எந்த எண்ணுக்கும் 12 காரணிகள் இல்லை. இத்தகைய எண்களை 'மிகு பகு எண்கள்' எனலாம்.

ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்த சீனிவாச ராமானுஜன், கேம்பிரிட்ஜில் இருந்தபோது இவற்றை ஆராய்ந்தார். 1915இல் லண்டன் கணிதக் கழகம் வெளியிட்ட அவரது கட்டுரையில் இத்தகைய எண்கள் நூற்றுக்கும் மேல் இடம்பெற்றன. கணிப்பொறி இல்லாத காலத்தில் உருவான அந்தப் பட்டியலின் கடைசி எண்ணே நம்முடைய எண்.

இதன் காரணிகளை ஒவ்வொன்றாக எண்ண வேண்டியதில்லை. பகா எண்களின் பெருக்கலாகப் பிரித்தால் போதும்:

2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19 × 23

ஒரு காரணியில் 2 என்பது ஒரு முறைகூட வராமலிருக்கலாம். ஆறு முறை வரையும் வரலாம். ஆக 7 வாய்ப்புகள். அவ்வாறே 3க்கு 5. 5க்கும் 7க்கும் மும்மூன்று. எஞ்சிய ஐந்து பகா எண்களுக்கும் இரண்டிரண்டு. இவற்றைப் பெருக்கினால் 7 × 5 × 3 × 3 × 32 = 10,080 காரணிகள்!

அடுக்குகள் 6, 4, 2, 2, 1 என இறங்கி வருவதைக் கவனித்தீர்களா? இது தற்செயலன்று. 3² × 5 = 45; இதற்கு 6 காரணிகள். 2² × 3 = 12; இதற்கும் 6 காரணிகளே. பெரிய அடுக்கைச் சிறிய பகா எண்ணுக்குக் கொடுத்தால், காரணிகள் குறையாமலே எண் சிறிதாகிவிடுகிறது. ஆகவே மிகு பகு எண்ணில் அடுக்குகள் ஏறவே முடியாது; இடையில் ஒரு பகா எண்ணை விட்டுவிடவும் முடியாது.

அந்தப் பட்டியலில் ஓர் எண் மட்டும் விடுபட்டிருப்பதைப் பின்னர் கண்டறிந்தார்கள். அது 2,93,31,86,25,600. அதை 23ஆல் பெருக்கிப் பாருங்கள். பட்டியலின் கடைசி எண்ணே வந்து நிற்கும்! புதிய பகா எண் ஒன்று சேர்ந்ததும் பழைய காரணி ஒவ்வொன்றும் 23ஆல் பெருக்கப்பட்டு இன்னொரு காரணியைத் தருகிறது. விடுபட்ட எண்ணுக்கு 5,040 காரணிகள். கடைசி எண்ணுக்கு அதைப்போல் இரு மடங்கு.

இன்னொரு வியப்பு: 5,040, 10,080 ஆகிய இரண்டுமே மிகு பகு எண்கள்தாம். 5,040க்கு எத்தனை காரணிகள்? காகிதமும் பென்சிலும் எடுத்துக் கணக்கிட்டுப் பாருங்கள். விடை, நாம் வாங்கிய வாழைக்காய்களின் எண்ணிக்கையே!